மூச்சுக்குழாயில் ஒரு வால்வு

அவரை எல்லோரும் 'மூச்சுக்குழாய்' என்றுதான் கூப்பிட்டார்கள். விறகடுப்புக்குள் செம்புக் குழாயைச் சுருட்டிப் பதித்து, அதைப் பரணில் இருக்கும் தொட்டியோடு இணைத்து, சமைக்கிற நெருப்பிலேயே வீட்டுக்கு வெந்நீர் வரவைப்பது அவர் தொழில். வேலை முடிந்ததும், தொட்டியிலிருந்து கூரைக்கு மேலே வாயைத் திறந்தபடி நிற்கும் ஒற்றைக் குழாயைக் காட்டுவார்.

"சூடானா தண்ணி விரியும். அது மூச்சு விட இருக்கிறது இந்த ஒரு வழிதான். இதை மட்டும் அடைச்சீங்க, தொட்டி வெடிச்சிரும். வெளையாட்டு இல்லை."

அதனால் வந்த பட்டப்பெயர்தான் அது.

அவர் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய் மூன்று வருடமாகிறது. கதகதப்பாக இருக்கட்டும் என்று, அடுப்புச் சுவரை ஒட்டி, பரணுக்கு நேர் கீழே அவள் கட்டிலைப் போட்டிருந்தார். காலையில் வெந்நீரில் துணி நனைத்து அவர் அவள் உடம்பைத் துடைத்துவிடும்போது கண்ணை மூடிக்கொள்வாள். அவளுக்கென்று மிச்சமிருந்த சுகம் அது ஒன்றுதான். கணவனை இழந்த அவர் தங்கையும் அந்த வீட்டிலேயே இருந்து, அண்ணிக்கு எல்லாம் செய்தாள்.

வினை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. கூரைக் குழாய் அவ்வப்போது கக்கும் தண்ணீர் அந்த வீட்டுக் கொடியில் காயும் துணிமேல் தெறித்தது.

"ஏங்க, உங்க குழாய்க்கு வருஷம் பூரா ஜலதோஷமா? மூக்கைச் சிந்தி என் புடவையிலயே துடைக்குதே!" என்று அந்த அம்மாள் தெருவே சிரிக்கக் கத்தினாள்.

குழாயைத் திருப்பி வைக்க ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாள் அவருக்குக் கிடைக்கவேயில்லை. ஒரு மாலை யாரும் பார்க்காதபோது கூரையேறி, அந்தக் குழாயில் ஒரு வால்வைப் பொருத்தி மூடினார். துணி காயும் நேரத்தில் மூடி வைத்து, தினமும் அடுப்பு பற்றவைக்குமுன் திறந்துவிட்டால் போயிற்று என்று நினைத்தார். வீட்டில் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் சொன்ன வாயால் எப்படிச் சொல்வது?

பத்து நாள் மறக்காமல் திறந்தார். பதினோராம் நாள் விடியும்போதே எங்கோ குழாய் உடைந்ததென்று ஆள் வந்தது. வால்வைத் திறக்காமல் கிளம்பிவிட்டது பாதி வழியில்தான் நினைவு வந்தது. பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

அடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. சுவருக்குள் குழாய்கள் டொக் டொக்கென்று இடித்தன.

"என்னண்ணா இது, யாரோ கதவைத் தட்டுற மாதிரி..." என்றாள் தங்கை.

"பேசாதே! அண்ணியைத் தூக்கு!"

எரிகிற விறகைக் காலாலேயே வெளியே இழுத்துத் தள்ளினார். "என்னை விட்டுட்டு ஓடுங்க" என்று மனைவி அழுதாள். போர்வையோடு கால் பக்கம் அவரும் தலைப் பக்கம் தங்கையுமாகத் தூக்கினார்கள். அவர் வாசல்படி தாண்டினார். தங்கை இன்னும் உள்ளே இருந்தாள். தொட்டி பிளந்தது.

அண்ணிமேல் பொட்டு நீர் படாமல் குனிந்து மறைத்துக்கொண்டாள் அந்தப் பெண். முதுகும் ஒரு பக்கக் கன்னமும் வெந்துபோயின.

"விறகை அள்ளித் திணிச்சிருப்பா" என்றது தெரு. அவர் கேட்டுக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியில் தங்கையும் அதையே சொன்னாள். "நாலு கட்டை கூடுதலா வச்சிட்டேன் போலண்ணா. அண்ணியைக் கொல்லப் பார்த்துட்டேனே, பாவி."

பதினாலு நாள் அதைக் கேட்டார். பதினைந்தாம் நாள் அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ இல்லைம்மா. நான்தான் மூடி வச்சேன். வால்வு போட்டு, என் கையாலயே."

"அண்ணிகிட்ட சொல்லிடாதே. உன்னை நம்பித்தான் அவங்க தூங்குறாங்க" என்றாள்.

அவரால் மறைக்க முடியவில்லை. மறுநாள் காலை, பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவந்து வைத்து, துணியைப் பிழிந்தபடியே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அவர் கையிலிருந்த துணியை மெல்ல வாங்கி ஓரமாக வைத்தாள்.

"அவ வீட்டுக்கு வரட்டும். அதுவரைக்கும் எனக்குப் பச்சைத் தண்ணியே போதும்" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.