பிஸ்கட் டின்னில் நான் போட்ட கேள்வி

கண்டி நகரத்து வாசிகசாலை ஒன்றில் போயா எனும் பௌர்ணமி விடுமுறைப் பின்னேரங்களில் வானியல் கேள்வி பதில் நடக்கும். வருகிறவர்கள் கேள்வியைத் துண்டில் எழுதி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போடுவார்கள். பெயர் எழுதத் தேவையில்லை. பதில் சொல்கிறவன் நான். பௌதிகவியல் படிப்பிக்கிற வாத்தி. ஆறு வருடமாக அது என் இராச்சியம். பிறகு அவள் வந்தாள்.

கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள், பேராதனையில் மருந்துக்கடையில் வேலை. கேட்க வந்தவள் சில மாதங்களிலேயே பதில் சொல்லவும் தொடங்கிவிட்டாள். ஒருநாள், நட்சத்திரம் ஏன் மினுங்குகிறது என்று ஒரு துண்டு வந்தது. வளிமண்டலம், ஒளிமுறிவு என்று நான் கரும்பலகையை நிரப்பினேன். சபை கொட்டாவி விட்டது. அவள் எழுந்தாள்.

“அடுப்பு எரியிறப்ப அதுக்கு மேலால அங்கிட்டுச் சுவரப் பாருங்க. ஆடுற மாதிரி தெரியும். சுவர் ஆடல, நடுவுல இருக்கிற சூட்டுக் காத்துதான் ஆடுது. நட்சத்திரமும் அப்பிடித்தாங்க.”

ஒரே கைதட்டல். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஒளிப்பானேன், பொறாமைதான். அவள் சொன்னதில் ஒரு பிழையாவது அகப்படாதா என்று வீட்டில் இரண்டு புத்தகம் புரட்டினேன். அகப்படவில்லை.

கம்பளையில் துணிக்கடை வைத்திருக்கும் எங்கள் செயலாளர் அந்தக் கிழமைக்குள்ளேயே தொலைபேசியில் அழைத்தார். “சேர், தெல்தெனியப் பக்கத்து ஸ்கூல்களுக்கும் போய் இதச் செய்யச் சொல்லிக் கேக்கிறாங்க. ஒருத்தரத்தான் அனுப்ப ஏலும். வார போயாவுக்கு ரெண்டு பேரையும் கேட்டுட்டு சபையே சொல்லட்டும்.”

“ஓம், பாப்பம்” என்றேன். அன்றிரவு மறுபடியும் அந்தப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டேன்.

போயாவன்று நானும் அவளும் மாறி மாறித் துண்டு எடுத்தோம். என் முறை முடிந்து டின்னை அவள் பக்கம் தள்ளும்போது, வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போன துண்டொன்றை மேலாகப் போட்டேன். சந்திரன் எப்போதும் ஒரே பக்கத்தைத்தான் காட்டுகிறது. அப்படியிருந்தும் அதில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகவே நாம் காண்பது எப்படி? அவளுக்குத் தெரிந்திருக்காது என்று எனக்கு நிச்சயம்.

கேள்வியை வாசித்தவள் துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சின்னதாக மடித்தாள்.

“எனக்கு இதுக்கு விடை தெரியலங்க. சேர் சொன்னா நானும் கேட்டுக்குவேன்.”

நான் வெளுத்து வாங்கினேன். சந்திரன் தன்னைத்தானே சுற்றும் வேகம் மாறாது, பூமியைச் சுற்றும் வேகம் கூடிக் குறையும், அதனால் ஓரங்கள் கொஞ்சம் எட்டிப் பார்க்கும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். செயலாளர் கை உயர்த்தச் சொன்னபோது பெரும்பான்மை எனக்கு. அவளும் எனக்குத்தான் கை உயர்த்தினாள்.

புறப்படும்போது அந்தத் துண்டை என் கையில் தந்தாள். “இது உங்ககிட்டயே இருக்கட்டும் சேர்.”

பஸ்ஸில் ஏறியதும் விரித்துப் பார்த்தேன். கேள்விக்குக் கீழே, வினாத்தாள் எழுதி எழுதிப் பழகிய என் கை, பரீட்சைக் கேள்விக்குப் போடுவதுபோல் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தது: (10 புள்ளிகள்).

அந்த வரியை மட்டும் அவள் சபையில் உரக்க வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் சபை சிரித்தே என்னைக் கொன்றிருக்கும். நன்றி வரவேண்டிய இடத்தில், இந்த மனசும் அவளுக்கே வாய்த்துவிட்டதே என்று இன்னும் எரிந்தது.

மறுநாள் செயலாளருக்கு அழைத்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். தெல்தெனியவுக்கு என்றைக்குப் போகவேண்டும் என்றுதான் கேட்டேன்.