கால்மாட்டில் இருந்த மணி

தோட்டத்து லயத்து வீடுகளை இடித்ததும் அப்பாவைப் பத்து காஜா நகரில் புதிதாகக் கட்டிய முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தோம். இன்று பார்க்கப் போனால் அவருக்கு மூச்சுத் திணறுகிறது.

நர்ஸைக் கூப்பிடும் மணி சுவரில்தான் இருந்தது. ஆனால் அவர் கால்மாட்டில்! ஓடிப்போய் அழுத்தினேன். நர்ஸ் வந்து ஆக்சிஜன் வைத்த பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது.

“ஏம்ப்பா தலையணைய இந்தப் பக்கம் போட்டீங்க?”

“வடக்க தலை வெச்சா எமன் வந்துருவான்மா.”

சுற்றிப் பார்த்தேன். வார்டில் நம்மாட்கள் எல்லோருமே அப்படித்தான் படுத்திருந்தார்கள்.

“கட்டில திருப்பிப் போடுங்களேன் மிஸ்ஸி” என்று நர்ஸிடம் கேட்டேன்.

“முடியாதுலா அக்கா, தரையோட போல்ட் அடிச்சிருக்கு. பிளானே அப்படித்தான்.”

நான் கிளம்பும்போது அப்பா கால் கட்டைவிரலால் மணி அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்.

எந்தப் பக்கம் தலை வைப்பீர்கள் என்று எங்கள் அப்பாவை யாரும் கேட்கவில்லை; உங்கள் வீட்டுப் பெரியவர்களையாவது பிளான் போட்டவர் கேட்டாரா?