தூத்துக்குடிக்கு ஒரு மீன்

சித்திரை மாதம், புதன்கிழமை. விடியற்காலம் ஐந்தரை மணிக்குத் தூத்துக்குடியில் பஸ் ஏறினேன். கையில் வாயகன்ற மண்பானை ஒன்று. எட்டயபுரம் முப்பது மைல். அதற்கு இந்தப் பக்கம் மூன்று மைலில் இறங்கினால் வேலாங்குளம். டிக்கெட் பதினோரணா.

பானை எதற்கு என்று கண்டக்டர் கேட்டார். மீன் பிடிக்க என்றேன். அவர் கிழக்கே திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“கடலு அந்தா கெடக்கு அண்ணாச்சி” என்றார்.

தெரியும் என்றேன்.

விஷயம் இதுதான். என் மச்சினன் அந்தோணி சங்கு குளிக்கிறவன். காலில் கல்லை மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவான். வள்ளத்தில் நின்று அவன் கயிற்றைப் பிடிப்பது நான். அவன் அசைத்தால் தூக்குவேன். இத்தனை வருஷத்தில் எங்களுக்குள் பேச்சு பெரும்பாலும் அந்த அசைப்புத்தான். பங்குனியில் அவனுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. போன மூச்சு மட்டும் திரும்பவில்லை. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவான். சங்குப் பருவம் முடிய ஒரு மாதமே இருந்தது. வேறொருவனுக்குக் கயிறு பிடிக்கக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. குளத்து விராலை உயிரோடு கொண்டுவந்து சாறு வைத்துக் கொடுத்தால் தெம்பு வரும், கடல் மீன் ஆகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

ஜெர்மன் சண்டைக் காலம். பெட்ரோல் இல்லை. பஸ்ஸின் முதுகில் ஒரு அடுப்பு. அதில் கரி போட்டு ஓட்டினார்கள். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளினோம். பஸ்ஸில் போனேன் என்பதைவிட பஸ்ஸோடு போனேன் என்பது சரி.

ஒன்பது மணிக்கு வேலாங்குளம். சுடலைமுத்து அண்ணாச்சி குளத்தங்கரையில் நின்றார். எங்கள் பக்கம் வந்து கருவாடு வாங்குகிறவர். வெயில் காலத்தில் குளம் முழங்காலுக்கு வற்றியதும் ஒருநாள் ஊரே இறங்கி மீன் பிடிக்கும் என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். ஊர்ப் பெரியவர் துண்டை வீசவேண்டும். அதற்கு முன்னால் யாரும் கால் நனைக்கக் கூடாது. அண்ணாச்சி என்னைக் கடல்காரர் என்று எல்லோருக்கும் சொல்லிவைத்துவிட்டார். துண்டு விழுந்ததும் பாதிப் பேர் குளத்தில் இறங்கினார்கள். மீதிப் பேர் நான் பிடிப்பதைப் பார்க்க நின்றார்கள்.

கையில் ஊத்தா கொடுத்தார்கள். மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடை அது. சேற்றில் குத்த வேண்டும். உள்ளே மீன் முட்டினால் மேல் வாய் வழியாகக் கைவிட்டுப் பிடிக்க வேண்டும். கரிசல் சேறு. இரண்டாவது எட்டில் தொடை வரைக்கும் போய்விட்டேன். கடலில் நான் இப்படி மாட்டியதில்லை. பக்கத்தில் ஒரு பொம்பளை, சேலையை வரிந்து கட்டியவள், நான் ஒரு காலை உருவுவதற்குள் மூன்று விரால் பிடித்தாள்.

உச்சிப் பொழுதில் என் ஊத்தாவிலும் முட்டியது. முழங்கை நீள விரால். பிடித்துக் கரையில் வீசிவிட்டு, இன்னொன்று தேடத் திரும்பினேன். எங்கள் மீனை வள்ளத்தில் போட்டால் அதோடு அதன் கதை முடிந்தது. அதை யாரும் காவல் காப்பதில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினால் கரையில் மீன் இல்லை. புழுதியில் வயிறு இழுத்த தடம் தண்ணீர் வரைக்கும் இருந்தது.

“எங்க ஊரு மீனு நடக்கும்” என்றாள் அந்தப் பொம்பளை. “ஒமக்கு யாரும் சொல்லலியா?”

இரண்டு மணிக்கு அடுத்தது கிடைத்தது. அதை நெஞ்சோடு கட்டிப்பிடித்துப் பானை வரைக்கும் நடந்தேன். பிள்ளையை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோகிறவன் மாதிரி. ஊர்வலமாக ஆட்கள் பின்னால் வந்தார்கள். ஒரு விரல் அளவு வழி விட்டு, அண்ணாச்சியே பானை வாயைத் துண்டால் கட்டினார்.

நாலு மணிக்கு அதே பஸ். பானைக்கு லக்கேஜ் இரண்டணா. குறுக்குச்சாலைக்கு முன்னால், இரு பக்கமும் வெறும் பருத்திக்காட்டில், பஸ் கொதித்து நின்றது. டிரைவர் தண்ணீர் கேட்டார். எல்லோரும் பானையைப் பார்த்தார்கள்.

“மீனா, இத்தன சனமா? நீரே சொல்லும்” என்றார் கண்டக்டர்.

கரையில் நடந்த மீனை நினைத்துக்கொண்டேன். கொடுத்துவிட்டேன். டிரைவர் தன் தலைத்துண்டில் வடிகட்டி ஊற்றினார். பானையில் கொஞ்சம் சேறும் மீனும் மிஞ்சின. ஈரத்துண்டால் திரும்பவும் மூடினேன். அதன்பின் சாவு விழுந்த துஷ்டி வீட்டில் இருப்பதுபோல யாரும் சத்தமாகப் பேசவில்லை. கண்டக்டர் இரண்டணாவைத் திருப்பிக் கொடுத்தார். செத்ததற்கு லக்கேஜ் வாங்குவது பாவம் என்றார். தூத்துக்குடியில் இறங்கித் துண்டை அவிழ்த்தேன். விரால் அவர் சட்டையில் சேற்றை அடித்தது. இரண்டணாவை மறுபடி வாங்கிக்கொண்டார்.

“தூத்துக்குடிக்கே மீனா, லே?” என்று தெருவில் கேட்டார்கள். பானையோடு வேகமாக நடந்தேன்.

என் பெண்டாட்டி மரியாள் பானையில் நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டு அரிவாள்மணையை எடுத்தாள். அந்தோணி கட்டிலில் கிடந்தபடி பானையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மீன் மேலே வந்து, வாயைத் திறந்து, ஒரு வாய்க் காற்றை எடுத்துக்கொண்டு கீழே போனது.

“அத்தான், இது நம்மள மாதிரில்லா மூச்செடுக்கு” என்றான்.

அடுத்த தடவை அது கீழே போனபோது அவனும் மூச்சைப் பிடித்தான். சீக்கிரமே விட்டுவிட்டு இருமினான். மீன் கீழேயே கிடந்தது. தான் ஜெயித்த பிறகுதான் அதை வெட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டான்.

மறுநாளும் தோற்றான். அதற்கு மறுநாளும் தோற்றான். ஆனால் அதற்குப் பிறகு படுக்கவில்லை. காலையில் எழுந்ததும் பானைப் பக்கம் உட்கார்ந்துவிடுவான். கஞ்சியும் அங்கேயே. அடுத்த வாரம் ஒருநாள் முகம் சிவக்க அடக்கிக்கொண்டிருந்தான். மீன் சௌகரியமாகக் கிடந்தது. நான் கால் பெருவிரலால் பானையை ஒரு தட்டுத் தட்டினேன். மீன் மேலே வந்துவிட்டது.

“பாத்தியளா அத்தான்?”

பார்த்தேன் என்றேன். மரியாள் என் காலைப் பார்த்தாள். பிறகு அரிவாள்மணையை எடுத்தாள்.

“கூடக் குளிச்சவன எப்படிக்கா திங்க?” என்றான் அந்தோணி.

இப்போது மீன் எங்கள் கிணற்றில் இருக்கிறது. வைத்தியரிடம் விரால் வேலை செய்தது என்று சொல்லிவிட்டேன். வேலாங்குளத்தார் மீனைப் பிடித்து அன்றைக்கே தின்றுவிடுகிறார்கள். எங்கள் ஊரில் பிடித்ததை விற்றுவிடுகிறோம். பிடித்துவந்து சோறு போடுகிறவர்கள் எனக்குத் தெரிந்து நாங்கள்தான்.

பருவத்தின் கடைசி வாரம், திங்கட்கிழமை, அந்தோணி கடலில் இறங்கினான். கயிறு என் கையில். வழக்கமான நேரம் ஆயிற்று. கயிறு அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. என்னை அறியாமல் கால் பெருவிரலால் வள்ளத்துப் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கயிறு அசைந்தது. தூக்கினேன். பை நிறையச் சங்கு.

வள்ளத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கேட்டான். “நம்ம மீனு இம்புட்டு நேரம் இருக்குமா அத்தான்?”

இருக்காது என்றேன்.