வழக்குப் போடச் சொன்ன பெண்மணி

நான்கு வருடங்களுக்கு முன், ரொறன்ரோவில் பனி கரையத் தொடங்கிய ஒரு பங்குனி மாதத்தில் நடந்தது இது. ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம், எங்களுக்கு ஒரு சிறிய கட்டடம் இருந்தது. கீழே என் தையல் கடை, மேலே வாடகைக்கு விட்ட வீடு. சேலைச் சட்டை தைத்தும், காற்சட்டைகளின் நீளம் குறைத்துக் கொடுத்தும் இருபது வருடங்களுக்கு மேல் அங்கேயே உழைத்தேன். கணவருக்கு முழங்கால் இரண்டும் பழுதாகிவிட்டதால், கட்டடத்தை விற்றுவிட்டு ஓய்ந்திருக்கலாம் என்று முடிவு செய்தோம். ஒரு பல் வைத்தியர் வாங்க வந்தார்.

எங்களுக்கு முன் அந்த இடத்தில் டிரை கிளீனிங் கடை இருந்ததால், நிலத்தைச் சோதித்தால்தான் கடன் என்று அவருடைய வங்கி சொன்னது. பின்பக்கத்தில் துளை போட்டு மண்ணை எடுத்துப் போனார்கள். துணி வெளுக்கும் இரசாயனம் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கி, பக்கத்து வீட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருப்பதாக அறிக்கை வந்தது. அதன் ஆவி வீட்டுக்குள் எழும்பக்கூடும் என்றும் எழுதியிருந்தார்கள். அந்த வீட்டு பேஸ்மென்டில் ஓர் இளம் தம்பதி கைக்குழந்தையோடு குடியிருந்தார்கள்.

பல் வைத்தியர் விலகிவிட்டார். துப்புரவு செய்யும் செலவு கட்டடத்தையே விழுங்கிவிடும் போலிருந்தது. எங்கள் காப்புறுதி நிறுவனமோ, மாசுக்குப் பொறுப்பில்லை என்று பொலிசியில் இருந்த ஒரு வரியைக் காட்டிக் கையை விரித்தது.

“தெரிஞ்சுகொண்டுதான் மனுசன் எங்கட தலையில கட்டிப்போட்டுப் போயிருக்கிறான்” என்றார் கணவர். அந்த டிரை கிளீனிங் கடையை நடத்திவிட்டு, கட்டடத்தை எங்களுக்கு விற்ற கிரேக்கரைத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன். அவர் சிரித்துக்கொண்டே சாவியைத் தந்ததுகூட இப்போது ஏமாற்றாகவே பட்டது.

தெரிந்தவர்கள் சொல்லி ஒரு தமிழ் வழக்கறிஞரிடம் போனோம். என் மகளின் வயதிருக்கும். “அன்ரி, மாசுக்குக் காசில்லை எண்டு எழுதுறது எல்லாம் பிறகு வந்தது. எழுபதுகளில கடைக்காரர் எடுத்த பொறுப்புக் காப்புறுதியளில அந்த வரி பெரும்பாலும் இல்லை. அந்த வருசங்களில மண்ணுக்குள்ள இறங்கினதுக்கு அந்த வருசத்துப் பொலிசி இண்டைக்கும் பதில் சொல்லவேணும். உங்களுக்கு வித்தவர் எந்தக் கொம்பனியில எடுத்தவர் எண்டு தெரிஞ்சால் போதும்” என்றார்.

கிரேக்கர் இறந்துபோயிருந்தார். மனைவி ஒஷாவாவில் மகளோடு இருந்தார். வழக்கறிஞர் அனுப்பிய கடிதத்துக்கு, எங்களுக்கு எதுவும் தெரியாது என்று மகள் ஒரே வரியில் பதில் போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் நேரிலேயே போனோம். கேட்க வேண்டிய சூடான கேள்விகளைக் காரிலேயே மனதுக்குள் அடுக்கிவைத்திருந்தேன். கதவைத் திறந்த மகள், நாங்கள் யாரென்று தெரிந்ததும் மூடப் பார்த்தார். அதற்குள் தாய் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, “தையல் கடைக்காரியா? உள்ளே வா” என்றார். எண்பது வயதுக்கு மேலிருக்கும்.

அறிக்கையில் இருந்ததைச் சொன்னேன். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பற்றியும் சொன்னேன். பிறகு, உங்கள் கணவருக்கு இது தெரியாதா என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. டிரை கிளீனிங் இயந்திரத்தில் மிஞ்சும் தண்ணீரைப் பின்பக்கக் கழிவுநீர்க் காணில் ஊற்றச் சொல்லித்தான் அதை விற்றவர்கள் காட்டிக்கொடுத்தார்களாம். மகளைக் கையால் காட்டி, “இவளை அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில்தான் தொட்டிலில் படுக்க வைத்திருந்தோம். அங்கேதான் சூடாக இருக்கும். தெரிந்திருந்தால் அப்படிச் செய்திருப்போமா?” என்றார்.

அடுக்கி வைத்திருந்த கேள்விகளை விட்டுவிட்டு, அந்தக் காலத்துக் காப்புறுதிப் பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

கடையின் கணக்கு வழக்கெல்லாம் தானே பார்த்ததாகவும், வங்கி கேட்டதால் காப்புறுதிப் பத்திரங்களை அடமானக் கடிதங்களோடு சேர்த்து வைத்ததாகவும் சொன்னார். மகளை அனுப்பி அந்தப் பத்திரக் கோப்பினை எடுப்பித்தார். நிறுவனத்தின் பெயர், இலக்கம், வருடம் எல்லாம் தெளிவாக இருந்தன. கணவர் கையை நீட்டிவிட்டார்.

அப்போதுதான் மகள் கேட்டார்: “இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?”

கணவர் என் காலை மெல்லத் தட்டினார். ஆனாலும் சொன்னேன். அந்த நிறுவனம் சும்மா பணம் தராது. அப்பா இல்லாததால் நாங்கள் உங்கள் அம்மாமேல்தான் வழக்குப் போட வேண்டும். அவருக்காக வாதாடுவதும், தீர்ப்பானால் கொடுப்பதும் அந்த நிறுவனத்தின் பொறுப்பு. எங்கள் வழக்கறிஞர் சொன்னது இவ்வளவுதான், நீங்களும் ஒருவரிடம் விசாரியுங்கள் என்றேன்.

மகள் கோப்பினை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார்.

காரில் ஏறியதும் கணவர் வெடித்தார். “கைக்கு வந்ததைப் போக்கடிச்சுப்போட்டீர். உந்த வழக்குக் கதையை ஏன் இப்ப சொன்னனீர்?”

“வயசுபோன மனுசியை ஏமாத்தி வாங்கிக்கொண்டு வாறதோ? என்னால ஏலாதப்பா” என்றேன்.

மூன்று வாரம் ஒஷாவாவிலிருந்து சத்தமில்லை. நான் செய்தது சரியா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தையின் துணிகள் வெளியே காய்வதைப் பார்த்தால் சரியென்று சொல்லவும் முடியவில்லை.

ஒரு நாள் முற்பகல், அந்த மகளே கடைக்கு வந்து பொலிசியின் பிரதிகளை மேசையில் வைத்தார். “வழக்கைப் போடட்டும் என்று அம்மா சொல்கிறார். ஆனால் அப்பா தெரிந்து செய்தார் என்று மட்டும் எந்தக் கடதாசியிலும் எழுதக்கூடாதாம்.”

எழுதவில்லை. அந்தப் பழைய நிறுவனத்தை இன்னொன்று வாங்கியிருந்தது. முதலில் மறுத்தார்கள், இழுத்தடித்தார்கள், கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். முதல் வேலையாகப் பக்கத்து வீட்டு நிலத்துக்கு அடியில் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி பூட்டினார்கள். அடுத்த கோடையில் எங்கள் பின்பக்கத்து மண்ணை லொறி லொறியாக அள்ளிப்போனார்கள். செலவில் ஒரு பங்கை நாங்களும் ஏற்க வேண்டியிருந்தது. கட்டடம் பிறகு வேறொருவருக்கு விலைபோனது.

எல்லாம் முடிந்ததும் அந்த அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து நன்றி சொன்னேன். குழந்தை நன்றாக இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். ஓடித் திரிகிறது என்றேன். கிரேக்க மொழியில் மகளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

நீதிமன்றக் கடதாசியில் அவர் பெயர் எங்களுக்கு எதிராளி என்றுதான் இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் யாரையாவது பற்றி ‘தெரிந்துதான் செய்திருப்பார்கள்’ என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிடந்த அந்தத் தொட்டில்தான் நினைவுக்கு வந்து என் வாயை அடைக்கிறது.