கப்பலில் குழைத்த சோறு

அப்பாவுக்குக் கப்பல் தாழும் என்ற பயமே இருக்கவில்லை. அவருடைய பயமெல்லாம் வயிற்றைப் பற்றித்தான். சனம் கூடுகிற இடத்தில் நோய் வருத்தம் தொற்றும் என்பது அவர் கட்சி. வெள்ளவத்தையில் கலியாணவீட்டுக்குப் போனால்கூட ஒரு சோடாவைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுகிற மனிதர். அப்படிப்பட்டவரை, ஆயிரக்கணக்கானோர் ஒரே அகப்பையைப் பிடித்துச் சாப்பாடு அள்ளுகிற உல்லாசக் கப்பலில் ஏற்றினால் எப்படியிருக்கும்! எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா கதவுக் கைப்பிடியைக்கூட லேஞ்சியால், அதுதான் கைக்குட்டையால், பிடித்துத் திறப்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன்.

எங்களைக் கூப்பிட்டவர் கனடாப் பெரியப்பா, அம்மாவின் அக்காவைக் கட்டியவர். அறுபதாவது பிறந்தநாளைக் கடலில் கொண்டாட வேண்டுமென்று அவருக்கு ஆசை. இலங்கை மண்ணை இனி மிதிப்பதில்லை என்று அவர் சபதம் செய்திருந்தார். பெரியம்மாவையும் தனியே வர விடுவதில்லை. அம்மா கனடாவுக்கு விசா கேட்டபோதெல்லாம் இல்லையென்றுவிட்டார்கள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அக்காவுக்கும் தங்கச்சிக்கும் தொலைபேசியில் மட்டுந்தான் உறவு. சிங்கப்பூருக்குப் போக எங்களுக்கு விசா தேவையில்லை. கப்பல் அங்கிருந்து புறப்பட்டு ஒரு கிழமையில், ஏழாம் நாள், அங்கேயே திரும்பும்.

அந்த ஒரு கிழமைக்காக அம்மா எத்தனை நாள் அடுப்படியில் நின்றாரோ தெரியாது. நெத்தலிப் பொரியல், மாசிச் சம்பல், எலுமிச்சங்காய் ஊறுகாய் எல்லாம் ஜாம் போத்தல்களில் அடைபட்டன. "அக்காவோடை கதைக்க எவ்வளவோ கிடக்கு" என்று போத்தல் மூடியை இறுக்கும்போதெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அம்மா அவ்வளவு சந்தோசமாக இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஆனால் கதைக்க எங்கே விட்டார்கள்? துறைமுகத்தில் இருவரும் கட்டிப்பிடித்து அழத் தொடங்கவே, பெரியப்பாவின் தமக்கை வந்து, "சரி சரி, பிறகு அழலாம், லைன் போகுது" என்று பிரித்துவிட்டார். பெரியப்பாவின் ஆட்கள் கப்பலின் ஒரு மாடித் தட்டையே நிரப்பியிருந்தார்கள். பெரியம்மா அவர்களுக்கெல்லாம் வீட்டுக்காரி மாதிரி ஓடித் திரிந்தார். ஒருவருக்கு மருந்து, ஒருவருக்குப் பால்தேத்தண்ணி, இன்னொருவரின் பிள்ளையைக் காணவில்லை. அம்மா பக்கத்துக் கதிரையில் கைப்பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். பெரியம்மா வந்து இருந்து, "பிறகு, சொல்லு தங்கச்சி" என்பார். உடனே யாராவது கூப்பிடுவார்கள். இரண்டு நாள் இப்படியே போய்விட்டது. இரவில் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், கப்பலில் வயிற்று வருத்தம் பரவுகிறது, சாப்பாட்டைக் கையால் தொடவேண்டாம், வாந்தி, சத்தி எடுத்தவர்கள் உடனே சொல்லவேண்டும் என்று. அப்பா, "நான் சொன்னனானெல்லோ!" என்று வெற்றிவீரரைப்போல நிமிர்ந்தார். அரைமணி நேரம் கழிய, பெரியம்மா விடியப்புறம் தொடங்கிச் சத்தி எடுக்கிறார் என்ற செய்தி வந்தது. வைத்தியர் அவரை அறைக்குள் இருத்திவிட்டார். சிங்கப்பூர் திரும்பும்வரை வெளியே வரக் கூடாது, ஒருவரும் உள்ளே போகவும் கூடாது. பெரியப்பா தன் தலையணையையும் தூக்கிக்கொண்டு தம்பியின் அறைக்கு ஓடிவிட்டார்.

அம்மா கட்டிலில் குந்தினார். பிறகு எழும்பி ஜாம் போத்தல்களை ஒரு பையில் போட்டார். அப்பா கடையில் பிஸ்கட் பக்கற் வாங்கப் போயிருந்தார். என்னைத் தனியே விட முடியாததால், கையில் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

பெரியம்மா கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். முகம் வெளிறியிருந்தது.

"தங்கச்சி, உள்ளை வராதை. தொத்திப்போடும்."

அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கப்பல்காரர் கொண்டுவந்து வைத்த வெறுஞ்சோறு மேசையில் அப்படியே கிடந்தது. அம்மா அதன்மேல் சம்பலையும் பொரியலையும் கொட்டினார்.

"அக்கா, ஒருக்காக் குழைச்சுத் தாங்கோ."

எங்கள் ஆட்களிடம் இப்படியொரு வழக்கம் உண்டு. மிஞ்சின சோற்றையும் கறியையும் ஒன்றாகப் போட்டு ஒருவர் கையால் குழைத்து, சுற்றியிருப்பவர்களின் உள்ளங்கையில் உருட்டி உருட்டி வைப்பார். சின்ன வயதில் அம்மாவுக்குக் குழைத்துக் கொடுத்தது பெரியம்மாதான். கையால் எதையும் தொடவேண்டாம் என்று காலையில் மூன்று மொழியில் கத்தின கப்பலில், வருத்தக்காரியின் கையால் குழையல் கேட்க அம்மாவால்தான் முடியும்.

"உனக்கென்ன விசரே?"

"ஓம், விசர்தான். தாங்கோ."

பெரியம்மா கையைக் கழுவிவிட்டு வந்து குழைத்தார். அழுதுகொண்டே குழைத்தார். அம்மா கையை நீட்டினார். ஒரு உருண்டை, இன்னொரு உருண்டை. வாசம் மூக்கைத் துளைத்தது. நானும் கையை நீட்டினேன். அம்மா என் கையில் பளாரென்று ஓர் அடி போட்டு, எனக்கு வரவிருந்த உருண்டையையும் தானே வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டாம். சோற்றுக்காகப் பெற்ற பிள்ளையை அடிக்கிற தாயும் உண்டா?

மறுநாள் பின்னேரம் அம்மாவும் சத்தி எடுத்தார். அப்பா தலையில் கை வைத்தார்.

"நீர் ஏனப்பா அங்கை போனனீர்?"

அம்மா வாயைத் துடைத்தபடி, "பிள்ளைக்குத் தொத்தப்போகுது, என்னை அக்காவின்ரை அறையிலை விடச் சொல்லுங்கோ" என்றார். கப்பல்காரருக்கும் அது வசதிதான். வருத்தக்காரர் இருவரையும் ஒரே அறையில் அடைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் அந்தக் கதவடிதான். உள்ளே முதலில் முனகல் கேட்டது. அடுத்த நாள் ஓயாத கதை. ஒருதரம் இருவரும் சேர்ந்து அழுதார்கள். ஒருதரம் அம்மா விக்கி விக்கிச் சிரித்தார். வயிற்றுவலிக்காரி சிரிப்பாளா என்று யோசித்தேன். "அம்மா, எப்ப வருவீங்கள்?" என்று கதவில் தட்டினால், "தள்ளிப் போ குஞ்சு, இன்னும் மாறேல்லை" என்று பதில் வரும். வைத்தியர் அப்பாவிடம், உங்கள் மனைவிக்கு இப்போது காய்ச்சலும் இல்லை, சத்தியும் இல்லை, ஆனால் கேட்டால் வயிறு நோகிறது என்கிறார், எனக்கே விளங்கவில்லை என்று கையை விரித்தார்.

அக்காவும் தங்கச்சியும் பிறகு சந்திக்கவேயில்லை. நான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, ஒரு பனிக்காலத்தில் பெரியம்மா கனடாவில் காலமானார். அம்மா வெள்ளவத்தையில் இருந்து செத்தவீட்டைக் கைபேசியில் பார்த்தார். என்னைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார். அம்மாவுக்கு அக்கா இல்லையென்று ஆனதை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

கப்பலில் அந்தக் கடைசி நாட்களில், கதவுக்கு வெளியே கம்பளத்தில் இருந்துகொண்டு, அம்மாவுக்கு உடனே சுகம் வரவேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டேன். தேங்காய் உடைப்பதாக நேர்த்தியும் வைத்தேன். உள்ளே அம்மா அதே பிள்ளையாரிடம், சிங்கப்பூர் வரும்வரை தனக்குச் சுகம் வந்துவிடக் கூடாது என்று மன்றாடிக்கொண்டிருந்திருப்பார் என்பது எனக்கு அப்போது எங்கே தெரியும்?