காதுக்குக் கீழே ஒரு கட்டி, அம்பாளிடம் இரண்டு வேண்டுதல்

தை மாதத்தில் ஒரு நாள் சவரம் செய்யும்போது இடது காதுக்குக் கீழே விரலில் ஏதோ தட்டுப்பட்டது. கொண்டைக்கடலை அளவு இருக்கும். வலி இல்லை. அமுக்கினால் லேசாக நகர்ந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

கோமதி அம்பாளை நம்பியிருக்கிற உங்களுக்கு நான் புதியவன் இல்லை. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடையில் ஏலம் கூறுகிறவன். பிச்சியும் மல்லியும் வந்து இறங்கும் காலை நேரத்தில் என் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும் என்று கேலி பேசுவார்கள். அந்த ஆளுக்கு ஒரு கடலை அளவுக் கட்டி வந்ததும் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. என் அப்பா தொண்டையில் கட்டி வந்துதான் போனார். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி செண்பகம் தானாகவே பார்த்துக் கண்டுபிடித்தாள்.

அவள் வற்புறுத்தியதால் ஊரிலேயே ஒரு டாக்டரிடம் போவதென்று முடிவாயிற்று. போவதற்கு முன்னால் கோவிலுக்குப் போனேன். "டாக்டர் ஒண்ணுமில்லைன்னு சொல்லிரணும் தாயே, உனக்கு வெள்ளியில முகம் வாங்கிப் போடுதேன்" என்று வேண்டிக்கொண்டேன். நம் கோவிலில் நோய் வந்த உறுப்பை வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவது உங்களுக்குத் தெரியாததில்லை.

டாக்டர் தடவிப் பார்த்தார். கொழுப்புக் கட்டி மாதிரிதான் தெரிகிறது, பயப்பட வேண்டாம் என்றார். வளர்ந்தால் வந்து காட்டச் சொன்னார். முதல் பாதி என் காதில் நன்றாக விழுந்தது. இரண்டாம் பாதியை நான் வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. அன்று சாயங்காலமே வெள்ளி முகத்தை வாங்கி உண்டியலில் போட்டேன். கோவிலில் கொடுக்கும் புற்றுமண்ணும் எடுத்து வந்து தினமும் குளித்துவிட்டுக் காதுக்குக் கீழே பூசிக்கொண்டேன்.

சித்திரையில் கட்டி நெல்லிக்காய் அளவு ஆயிற்று. செண்பகம் இன்னொரு டாக்டரைப் பார்ப்போம் என்றாள். நான் மறுத்துவிட்டேன். நேர்த்திக்கடன் செலுத்தியாகிவிட்டது. அம்பாள் கொடுத்த பதிலை வாங்கிக்கொண்டு, அதற்கான காணிக்கையும் போட்ட பிறகு, வேறொரு டாக்டரிடம் போய் அது சரிதானா என்று கேட்டால் அவளைச் சந்தேகப்பட்டது ஆகாதா? இதுதான் என் கேள்வி. மார்க்கெட்டில் மூன்று தரம் கூறாமல் ஒரு கூடையைக்கூட நான் தள்ளிவிட்டதில்லை. சொந்தக் கழுத்து விஷயத்தில் ஒரே தரத்தில் முடித்துவிட்டேன். இதைக் கடை முதலாளி அண்ணாச்சி சொல்லிக் காட்டியபோது எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சுவாமியின் காட்சிக்காக அம்பாள் தபசு இருக்கிற ஆடித்தபசு வந்தது. வழக்கம்போல நாங்கள் தெற்கு ரத வீதியில் நின்றோம். சாயங்காலம் சுவாமி சங்கரநாராயணராக அம்பாளுக்குக் காட்சி கொடுத்தார். சனங்கள் பருத்தியையும் மிளகாய் வத்தலையும் காணிக்கையாக அள்ளி வீசினார்கள். கூட்டத்தில் யாரோ இடித்ததில் கட்டி நன்றாக வலித்தது. முதல் தடவையாக வலித்தது. வீட்டுக்குப் போகலாம், காட்சிதான் பார்த்தாகிவிட்டதே என்றேன்.

செண்பகம் நகரவில்லை. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குப் பேசினாள்.

"அம்பாளுக்கு மொதக் காட்சி கிடைச்சிட்டு. கேட்டது கிடைச்ச பெறவும் அவ மறுபடி தபசுக்கு வாராள்லா? சாமிய நம்பாமலா வாரா? நீங்க ஒரு டாக்டர் சொன்னதோட நிறுத்திக்கிட்டு, அதுக்கு அவ பேரச் சொல்லுதிய. உங்களுக்குப் பயம். அத பக்தின்னு சொல்லாதிய."

எத்தனை வருடமாக அந்த வீதியில் நின்றிருக்கிறேன். சுவாமியைச் சங்கரநாராயணராகப் பார்த்த அம்பாள், சங்கரலிங்கமாகவும் பார்க்க வேண்டும் என்று அதே நாளில் மறுபடி வருகிறாள். இரண்டாம் காட்சி இல்லாமல் தபசு முடிவதில்லை. கண்ணுக்கு முன்னால் நடப்பதை நான் ஒரு நாளும் எனக்கென்று பார்த்ததில்லை. செண்பகம் சொன்னது மொத்தமும் உண்மை. எனக்கு அவமானமாக இருந்தது. அங்கேயே நின்று மறுபடி வேண்டிக்கொண்டேன். டாக்டர் என்ன சொல்ல வேண்டும் என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை. எது உண்மையோ அது தெரியட்டும், தெரிந்த பிறகு தாங்கிக்கொள்ள நீ கூட இரு என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த வாரம் திருநெல்வேலிக்குப் போனோம். அங்கே இருந்தவர் ஒரு பெண் டாக்டர். காதுக்குக் கீழே காய்ந்திருந்த மண்ணை ஈரப் பஞ்சால் துடைத்தார். கண்ணை மூடச் சொன்னார், கன்னத்தை உப்பவைக்கச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார். எத்தனை மாதமாக இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். சின்னதாக இருக்கும்போது யார் தொட்டாலும் கொழுப்புக் கட்டி என்றுதான் தோன்றும், வளர்ந்த பிறகும் விட்டதுதான் தப்பு என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி போட்டுக் கொஞ்சம் உறிஞ்சி சோதனைக்கு அனுப்பினார்கள்.

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த புற்றுநோய். வேறெங்கும் பரவவில்லை. ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். ஆனால் முகத்தை அசைக்கிற நரம்பு அந்தச் சுரப்பிக்கு நடுவேதான் போகிறது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் நரம்பையும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கும், இப்போதும் வாய் கோணாது என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

நான் ஏலம் கூறுகிறவன் என்று சொன்னேன். உதட்டை மூடிச் சொல்ல வேண்டிய எழுத்துகள்தான் சிரமப்படும், ப, ம மாதிரி, என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது பூக்களின் பெயர்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பிச்சி, மல்லி, சம்பங்கி, கனகாம்பரம். ஒன்றுகூடத் தப்பவில்லை. செண்பகத்தின் பெயரும் அதில் சேர்ந்ததுதான். அவள் தோளில் தலையைச் சாய்த்து அழுதேன். பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உண்மை தெரிந்துவிட்டது. கேட்டதில் ஒரு பாதி வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. ஆச்சரியம் என்னவென்றால் அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். தைக்குப் பிறகு அதுதான் முதல் தூக்கம்.

புரட்டாசியில் ஆபரேஷன் நடந்தது. மறுநாள் காலை டாக்டர் வந்தார். கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். கன்னத்தை உப்பவைக்கச் சொன்னார். இடது பக்கம் காற்று ஒழுகிற்று. ஏதாவது பேசிப் பாருங்கள் என்றார். என்ன பேசுவது என்று நான் யோசிக்கவில்லை.

"அம்பாளே" என்றேன்.

முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை கோணலாக வந்தது, ஆனால் வந்தது. நரம்பு தப்பிவிட்டது, கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். செண்பகம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். எடுத்த கட்டியைச் சோதித்ததில் ஓரம் வரை சுத்தமாக வந்துவிட்டது என்று தெரிந்தது. கதிர்வீச்சு வைத்தியம் வேண்டியிருக்கவில்லை.

கண்ணாடி முன்னால் நின்று தினமும் உதட்டைக் குவித்தும் இழுத்தும் பழகினேன். மார்கழியில் கடைக்குத் திரும்பினேன். இன்றைக்கும் வேகமாகப் பேசினால் இடது ஓரம் லேசாகப் பின்தங்கும். புதிதாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திருநெல்வேலிக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறேன்.

சிலர் என்னிடம் கேட்கிறார்கள். கட்டி கரையவில்லையே, கத்தி வைத்துத்தானே எடுத்தார்கள், இதில் அம்பாள் செய்தது என்ன என்று. நியாயமான கேள்விதான். கட்டியைக் கரைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. முதலில் நான் கேட்டது டாக்டர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை. அதைக் கொடுத்தாள், வைத்துக்கொண்டு ஏமாந்தேன். பிறகு உண்மையைக் கேட்டேன். அதையும் கொடுத்தாள். சொல்ல வேண்டியதைச் செண்பகத்தின் வாயில் வைத்துச் சொன்னாள் என்று நான் நம்புகிறேன்.

போன மாதம் ராயகிரியிலிருந்து பிச்சி கொண்டுவருகிற ஒரு தங்கச்சி, அக்குளில் கட்டி இருப்பதாகச் சொன்னாள். ஒரு டாக்டர் ஒன்றுமில்லை என்றாராம், வெள்ளியும் போட்டாயிற்றாம். அப்புறமும் பெரிதாகிக்கொண்டு வருகிறதாம். என் காதுக்குக் கீழே இருக்கிற தழும்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். செண்பகம் அவளைக் கூட்டிக்கொண்டு போய் இன்னொரு டாக்டரிடம் காட்டினாள். அவளுக்கு உண்மையிலேயே கொழுப்புக் கட்டிதான். அது தெரிந்த பிறகுதான் அந்தப் பிள்ளை முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

உங்களில் யாருக்காவது உடம்பில் புரியாத கட்டி இருந்தால் மறைக்காதீர்கள். காணிக்கை போடுங்கள், மண்ணையும் பூசுங்கள், டாக்டரையும் பாருங்கள், மனசு ஆறவில்லை என்றால் மறுபடி வேறொருவரைப் பாருங்கள். அம்பாள் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளிடம் உண்மையைக் கேளுங்கள். அதைத் தாங்குகிற பலத்தையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டையும் தருவாள். வாங்கியவன் சொல்லுகிறேன்.