நாதஸ்வரம் ஒலிக்காத நாள்

என் தாய்மாமா இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமையானால் அந்தப் பழைய கணினியின் முன்னால்தான் உட்காருவார். அதற்கு விசைப்பலகைதான் உடம்பு. வயிறு பெருத்த ஒரு பழைய டிவிதான் திரை. விளையாட்டுகள் எல்லாம் பாட்டுக் கேசட்டில் இருக்கும். கேசட் ரேடியோவில் அதை ஓடவிட்டால் காதைக் கிழிக்கும் கீச்சொலி ஒன்று வரும். அது முழுதாக உள்ளே போனால்தான் விளையாட்டு ஏறும். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து.

வாரம் முழுக்கச் சிங்கப்பூரில் புத்தம்புதுக் கணினிகளோடு மாரடிக்கிற மனிதருக்கு இது என்ன பைத்தியம் என்று மலேசியாவில், எங்கள் குளுவாங் வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொள்வார். நான் சொல்லப்போவது நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் கைப்பேசியில் இதைவிட நூறு மடங்கு நல்ல விளையாட்டுகள் இருந்தன. ஆனாலும் மாமாவோடு தரையில் உட்கார்ந்து, ஏறுமா ஏறாதா என்று மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிற ருசி அதில் இல்லை. "இதுக்குள்ள வேற யாரும் வர மாட்டாங்க. நாம சொன்னத மட்டும் செய்யும்," என்பார் மாமா. யாராவது அதைக் கேலி செய்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அந்த ஆண்டு மூவாரிலிருந்து ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண்ணின் படம் வந்த நாளிலிருந்து மாமா தினமும் முகம் மழித்தார். ரோஜா நிறச் சட்டை ஒன்று வாங்கி வந்து போட்டுக் காட்டி, நன்றாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். அந்த அக்காவுக்கும் கேசட் ஏற்றச் சொல்லிக்கொடுக்கலாம் என்று நாங்கள் இருவரும் திட்டம்கூடப் போட்டோம். முப்பத்தெட்டு வயதுத் தம்பிக்கு ஒருவழியாக விடிந்ததே என்று அம்மா முருகனுக்கு நேர்ந்துகொண்டார்.

அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதற்கு முந்தின நாள் மாமாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. வாசல் கேட்டருகே போய் வெகுநேரம் காதில் வைத்தபடி நின்றார். அவர் பேசியது கொஞ்சம்தான். திரும்பி வந்தபோது விளையாட்டு ஏறித் திரையில் காத்திருந்தது. நீயே ஆடு என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் அம்மாவின் கட்டளைப்படி கணினி பெட்டிக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. கேசட் ரேடியோ மட்டும் சாமி மேடைக்குப் பக்கத்தில் வந்தது. நல்ல காரியத்துக்கு வருகிறவர்கள் படியேறும்போது நாதஸ்வரம் ஒலிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கேசட்டைப் போட்டுவைக்கும் பொறுப்பு மாமாவுக்கு.

பெண்ணும் கூடவே வந்திருந்தார். இந்தக் காலத்து வழக்கம். பெண்ணின் பெரியப்பா முன்னால் வந்து வலது காலை உள்ளே வைத்தார். அம்மா பொத்தானை அழுத்தினார். விளையாட்டுக் கேசட்டின் கீச்சொலியில் வீடே அலறியது.

பெரியப்பா வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தார். அவர் மனைவி காதைப் பொத்திக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். எதைத் தொட்டால் நிற்கும் என்று தெரியாமல் அம்மா எல்லாவற்றையும் திருக, சத்தம் கூடியதுதான் மிச்சம். அப்போதுதான் மாமாவின் சட்டைப்பையைப் பார்த்தேன். நாதஸ்வரக் கேசட் அதற்குள் பத்திரமாக இருந்தது. நான் வாயைத் திறந்தேன். மாமா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையாட்டினார்.

"நிறுத்தாதீங்கக்கா. பாதியில நின்னா கேம் ஏறாது," என்றார் மாமா, எல்லாரும் கேட்க. பெட்டியை இழுத்து வந்து, வேட்டியோடு தரையில் சம்மணமிட்டு, கம்பிகளைச் செருகத் தொடங்கினார். ஞாயிறு முழுக்க இதுதான் தனக்கு வேலை, கல்யாணத்துக்குப் பிறகும் இதுதான் என்று பெரியப்பாவிடம் பல்லைக் காட்டினார். தன் கணினியை யாரும் ஒரு சொல் சொல்லப் பொறுக்காதவர், வந்தவர்கள் முன்னால் அதை வைத்துத் தானே கோமாளியாகிறாரே என்ற அதிர்ச்சியில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பலகாரத்தை யாரும் தொடவில்லை. "இவருக்குப் பொண்ணு எதுக்கு லா, அந்தப் பெட்டியே போதும்," என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா காருக்குப் போனார். அம்மா சமையலறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மாமா ரேடியோவை நிறுத்தினார்.

கைப்பையை மறந்துவிட்டதாகச் சொல்லி அந்த அக்கா மட்டும் திரும்பி ஓடி வந்தார். கூடத்தில் நானும் மாமாவும்தான் இருந்தோம்.

"ரொம்ப நன்றிண்ணே," என்றார், மூச்சு வாங்க. "எனக்கு வேற ஒருத்தர புடிச்சிருக்குன்னு எங்க வீட்ல என்னால சொல்ல முடியல. நேத்து போன்ல உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

மாமா, பரவாயில்லை போய் வாம்மா என்றார். கேட் வரைக்கும் கூடப் போய்த் திரும்பி வந்தார். இனிமேல் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் நமக்கே நமக்குத்தான் மாமா என்று நான் அவர் கையைப் பிடித்துக் குதித்தேன். அவரைத் தேற்றுகிறேன் என்று எனக்கு நினைப்பு. அந்த அக்கா போகிற போக்கில் சொன்ன "அண்ணே" எனக்கு வெறும் மரியாதையாகத்தான் கேட்டிருந்தது. ரோஜா நிறச் சட்டை வாங்கிக் காத்திருந்தவரின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.